வயிற்றுத் துளை மூடாத இருபது நாட்கள்

என் வீட்டுக்காரர் வயிற்றில் ஒரு துளை. சுண்டுவிரல் நுனி போகிற அளவு. சாப்பாட்டுக் குழாயைக் கழற்றிய இடம் அது. இரண்டு மூன்று நாளில் தானாக மூடிக்கொள்ளும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். ஒரு வாரம் போனது, மூடவில்லை. பத்து நாள் போனது, அப்போதும் மூடவில்லை. கட்டைப் பிரித்தால் தினமும் ஈரம். இந்த மனுசன் தேற மாட்டார், திரும்பவும் குழாயைச் செருகிவிடுவார்கள், என் காலம் முழுக்கக் குழாயில் கஞ்சி ஊற்றியே கழியும் என்று நான் உடைந்துபோனேன். அதைவிட மோசம் என்னவென்றால், அந்த ஈரத்துக்கு யாரோ ஒரு ஆள் காரணம் என்று உறுதியாக நம்பினேன். அது யார் என்று காட்டச் சொல்லி நம் கோயில் மாரியம்மாவிடம் கேட்டேன். அவள் காட்டினாள். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருகிற அக்கா தங்கச்சிமாருக்கு அதைத்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தராசை என் கண்ணால் பார்க்காமல் ஒரு அடி நகர மாட்டேன். பதினாறு வயதில் கொழுந்து கிள்ள மலைக்குப் போன நாளிலிருந்து அப்படித்தான். பார்க்காமல் நகர்ந்தவளுக்கு இரண்டு கிலோ குறைத்து எழுதினதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தை மலையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். நான் விடவில்லை. இதை எழுதச் சொல்லி நீங்கள் கேட்டபோதுகூட, எதற்காக என்னைப் போய்க் கேட்கிறார்கள் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

போன ஆடி மாதம் எங்க வீட்டுக்காரர் முனியாண்டி தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற இடத்தில் கத்தியோடு சாய்ந்துவிட்டார். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. பெரகலைக்கு மேலே இருக்கிற நம் தோட்டத்திலிருந்து லொறியில் போட்டு இறக்கி, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறிவிட்டது. அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். விழுங்க முடியாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய், முகம் கறுத்துப்போகும் அளவுக்கு இருமுவார். முதலில் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். ஒரு மாதம் கழித்து அதை எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு இரைப்பைக்கே நேராக ஒரு குழாய் வைத்தார்கள்.

அந்தக் குழாயோடு எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அரிசி, பருப்பு, கரட், கிழங்கு எல்லாவற்றையும் அவித்து, அரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, பெரிய ஊசிக் குழலில் எடுத்துக் குழாய் வழியாக மெதுவாக விட வேண்டும். பிறகு கொதித்து ஆறின தண்ணீரை விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு தடவை. மனுசனுக்கு உப்பும் தெரியாது, உறைப்பும் தெரியாது. நான் ரொட்டி தட்டுகிற வாசம் வரும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அதனால் ரொட்டி தட்டுவதையே விட்டுவிட்டேன்.

எத்தனை நாள் வேலைக்குப் போகாமல் இருக்க முடியும்? காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டில் பேர் விழாவிட்டால் அடுப்பு எரியாது. எங்களுக்கு ஒரே மகள். அவள் கொழும்பில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்கிறாள். அவளையும் நிறுத்திக் கூட்டிவர மனசில்லை. அப்போதுதான் என் நாத்தனார் தெய்வானை வந்து சேர்ந்தார். வீட்டுக்காரருக்கு மூத்தவர், புருசனை இழந்தவர். வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர். ஒரு துணிப்பையோடு வந்து வாசல் இஸ்தோப்பில் நின்று, "நான் இருந்து பாத்துக்கிறேன், நீ வேலைக்குப் போ புள்ள" என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. மகளின் சடங்கன்று சபை நடுவில், "இவளக் கட்டிக்கிட்டு என் தம்பி எளைச்சுப் போயிட்டான்" என்று சொன்ன வாய் அது. ஒன்பது வருசமாக அதை நான் மறக்கவில்லை. அப்படிப்பட்டவர் சும்மா வருவாரா? தம்பியைத் தன் பக்கம் இழுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனாலும் வேறு வழியில்லை. வைத்துக்கொண்டேன்.

நான் அம்மாவிடம் முதலில் கேட்டது இதுதான்: "தாயே, இந்த மனுசன் வாயால ஒரு வாய் சோறு திங்கணும். வேற எதுவும் நான் கேக்கல." ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்குப் போனேன். பூசாரி ஐயா கொடுக்கிற திருநீற்றை ஒரு சின்ன டப்பாவில் வாங்கி வந்து, தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் அவர் நெற்றியில் பூசினேன், தொண்டையில் பூசினேன். ஆஸ்பத்திரியில் விழுங்கப் பழக்குகிற மிஸ் ஒருத்தர் இருந்தார். நாக்கை நீட்டு, கன்னத்தை ஊது, "க க க" என்று சொல்லு என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்தார். இதெல்லாம் வைத்தியமா, பொழுதுபோக்கா என்று எனக்குச் சந்தேகம். நான் மலைக்குப் போன பிறகு நாத்தனார்தான் அவரை உட்காரவைத்து அதையெல்லாம் செய்ய வைப்பார். ஒரு நாள் நேரத்தோடு வந்தபோது இரண்டு பேரும் நாக்கை நீட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது. என்னைப் பற்றித்தான் ஏதோ பேசியிருக்கிறார்கள் என்று அன்றைக்கு முழுவதும் நான் யாரோடும் பேசவில்லை.

ஆனால் அம்மா கைவிடவில்லை. ஐப்பசியில் ஒரு கரண்டி பப்பாளிப்பழம் இறங்கியது. கார்த்திகையில் குழைந்த சோறு. மார்கழி முடிவதற்குள் மூன்று வேளையும் வாயாலேயே சாப்பிடத் தொடங்கிவிட்டார். குழாய் சும்மா தொங்கியது. பொங்கல் முடிந்து வந்த ஒரு திங்கட்கிழமை அதைக் கழற்றுகிறோம் என்று கிளினிக்கில் சொன்னார்கள்.

அன்றைக்கு டொக்டர் செய்ததைப் பார்த்து எனக்கு நம்பிக்கையே வரவில்லை. குழாயின் உள்நுனியில் ஒரு சின்ன பலூன் இருக்குமாம், அதுதான் குழாயை வெளியே வராமல் பிடித்து வைத்திருக்குமாம். அதில் இருந்த தண்ணீரை ஊசிக் குழலால் உறிஞ்சி எடுத்தார். "மூச்ச விடுங்க" என்றார். ஒரே இழுப்பு. வந்துவிட்டது. ஐந்து மாதம் எங்களை ஆட்டி வைத்த குழாய் கண் மூடித் திறப்பதற்குள் தட்டில் கிடந்தது.

"அவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதான்."

"பலூன் உள்ள நின்னுருச்சுன்னா?"

டொக்டர் சின்ன வயசுக்காரர். சிரிக்காமல் குழாயை எடுத்து, திரும்பத் தண்ணீர் ஏற்றி, பலூன் முழுசாக உப்புவதை எனக்குக் காட்டினார். துண்டு ஏதும் விட்டுப்போயிருக்கிறதா என்று நான் நுனி வரைக்கும் பார்த்த பிறகுதான் எழுந்தேன். பின்னால் நின்ற நர்ஸ்மார் சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். எங்களைப் பற்றித்தான் என்று அதையும் மனசில் குறித்துக்கொண்டேன்.

கட்டுப் போட்ட நர்ஸ் மிஸ் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசினார். "அம்மா, இன்னைக்கு நாலு மணி வரைக்கும் வாயில ஒண்ணும் குடுக்க வேணாம். அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா. சாப்பிட்டா அர மணி நேரம் உக்காந்தே இருக்கணும், படுக்க விடாதீங்க. தண்ணி குடிக்கிறப்ப தலைய குனிஞ்சு ஒரு மடக்கு. மொதல் ரெண்டு நாள் கொஞ்சம் தண்ணி கசியும், பயப்பட வேணாம். கைய சோப்பு போட்டு கழுவிட்டு தெனம் துணி மாத்துங்க. ஓட்டைக்கு மேல ஒண்ணும் போட வேணாம். தூள் வேணாம், எண்ண வேணாம், களிம்பு வேணாம். வெறும் துணி மட்டும். காய்ச்சல் வந்தா, செவந்தா, உடனே வாங்க."

நான் தலையாட்டினேன். எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். ஒன்றைத் தவிர. அதைத் தவறு என்று அப்போது நான் நினைக்கவேயில்லை. மறுநாள் காலையில் கட்டு மாற்றும்போது, நெற்றியில் பூசினேன், தொண்டையில் பூசினேன், அந்தத் துளையிலும் ஒரு சிட்டிகை திருநீறு வைத்தேன். அவ்வளவு நாள் தொண்டையைத் திறந்துவிட்ட திருநீறு, துளையை மூடிவிடாதா? மிஸ் தூள் வேண்டாம் என்றது கடைத் தூளை, மருந்துத் தூளை. அம்மாவின் பிரசாதத்தை யாராவது தூள் என்று சொல்வார்களா? கட்டு மாற்றுவதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பெரட்டுக்குப் போகுமுன் நானே மாற்றுவேன், வேலை விட்டு வந்ததும் நானே மாற்றுவேன். இரண்டு தடவையும் ஒரு சிட்டிகை.

மூன்றாம் நாளும் துணி நனைந்திருந்தது. வெறும் தண்ணீர் இல்லை, தேத்தண்ணி நிறத்தில் கறை. எனக்குப் பொறி தட்டியது. நான் இல்லாத நேரம் யாரோ இவருக்கு வயிறு முட்டத் தேத்தண்ணி கொடுக்கிறார்கள். அதுதான் துளை வழியாக வழிகிறது. யார் அந்த யாரோ? வீட்டில் இருக்கிறது ஒரே ஆள்தானே.

"அண்ணி, இவருக்கு எத்தன தடவ தேத்தண்ணி குடுத்தீங்க?"

"மிஸ் சொன்ன மாதிரித்தான். காலையில அரக் கப்பு, பின்னேரம் அரக் கப்பு."

"அரக் கப்புத்தானா?"

நாத்தனார் நனைந்த துணியை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டார். அதை நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்த கூத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அம்மாவின் முன்னால் மறைத்து என்ன ஆகப்போகிறது? தேத்தண்ணியில் கலக்குகிற பால்மா டின்னின் மூடியில் என் தலைமுடி ஒன்றை ஒட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போனேன். வந்து பார்த்தால் முடி இல்லை. டின்னைத் திறந்திருக்கிறார்! ஒரு நாள் பத்து மணிக்கு, இடுப்பில் கட்டுகிற படங்கை மறந்துவிட்டேன் என்று கங்காணியிடம் பொய் சொல்லி லயத்துக்கு ஓடிவந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். இன்னொரு நாள் வந்ததும் வராததுமாக வீட்டுக்காரரின் வாயை மோந்து பார்த்தேன்.

"என்..னா?" என்றார் அவர், மெல்ல, குழறலாக.

"என்னா குடுத்தாங்க ஒங்களுக்கு?"

"சோறு."

"சோறு மட்டுமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவரும் அக்காவோடு சேர்ந்துவிட்டார் என்று முடிவுகட்டினேன். நாத்தனார் சமைத்ததை அவருக்குக் கொடுக்குமுன் ஒரு வாய் நான் தின்று பார்த்தேன். வெலிமடையிலிருந்து அவர் கொண்டுவந்த துணிப்பையை, தண்ணீர்ப் பீலிக்குக் குளிக்கப் போயிருந்த நேரம் கொட்டிப் பார்த்தேன். எலுமிச்சம்பழமோ தகடோ மயிரோ இருக்கும் என்று தேடினேன். இரண்டு சேலை, ஒரு சீப்பு, மருந்துப் போத்தல் ஒன்று. போத்தலை மோந்தேன். மூட்டு வலித் தைலம். அதையும் சும்மா நம்பாமல் என் கையில் தடவிப் பார்த்தேன்.

பதினோராம் நாள், ஒரு வியாழக்கிழமை. வேலை விட்டு வந்து கட்டைப் பிரித்தால் ஈரம் முன்னைவிட அதிகம். லேசாக நாற்றம். துளையைச் சுற்றிச் சிவப்பு. எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. நாத்தனாரின் பையை எடுத்து இஸ்தோப்பில் எறிந்தேன். லயம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

"என் புருசன் வயித்து ஓட்டைய மூட விடாம வச்சிருக்கிறது நீங்கதான்! அவரு தேறிட்டா ஒங்களுக்கு இங்க வேலையில்லன்னு பயம். சொல்லுங்க, என்னா குடுத்தீங்க?"

நாத்தனார் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்லவில்லை. குனிந்து பையை எடுத்துக்கொண்டார்.

"போறேன் சிவகாமி. அவனுக்கு வெரசா ஊட்டிராத. ஒவ்வொரு வாயும் எறங்கிருச்சான்னு தொண்டையப் பாத்துட்டு அடுத்த வாய் குடு."

அவ்வளவுதான். கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பெரகலைச் சந்திக்கு இறங்கிப் போய்விட்டார். வீட்டுக்காரர் அழுதார். அவர் விழுந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அழாதவர். எனக்கு இரக்கம் வரவில்லை. நாளைக்குத் துளை காய்ந்துவிடும், அப்போது தெரியும் எல்லோருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் துளை காயவில்லை. நாத்தனார் இல்லை, நான்தான் ஊட்டினேன், நான்தான் கலக்கினேன், அப்படியும் துணி நனைந்தது. அதிலாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. போகும்போது ஏதாவது வைத்துவிட்டுப் போயிருப்பார் என்று அடுப்படி மண்ணைக் கிளறினேன். அன்று வெள்ளிக்கிழமை. பின்னேரப் பூசைக்குக் கோயிலுக்குப் போனேன். உங்களில் சிலர் அன்றைக்கு என்னைப் பார்த்திருப்பீர்கள். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மாவுக்கு முன்னால் நின்று, கும்பிடக்கூட இல்லை, சண்டைக்காரி மாதிரிக் கேட்டேன்.

"எத்தன மாசமா வாறேன் ஒன் வாசலுக்கு? எந்தக் கை இத செய்யிதோ, அந்தக் கைய என் கண்ணு முன்னால காட்டு. காட்டலேன்னா இனி நான் வரமாட்டேன்."

அம்மா மேலேயே எனக்குச் சந்தேகம் வந்த நாள் அது. இருந்தாலும் திருநீற்றை டப்பா நிறைய வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் காய்ச்சல் அடித்தது. சோறு வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார். எத்தனை மாதம் வேண்டி வாங்கிய ஒரு வாய்ச் சோறு, இப்போது கொடுத்தும் தின்னவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் த்ரீவீல் பிடித்துப் பதுளைக்குப் போனோம். வழி நெடுக, ஹப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் அவர் தலை என் தோளில் சரிந்து சரிந்து விழுந்தது. நெருப்பாகச் சுட்டது. இவர் செத்துப்போனால் நாத்தனாரை நான் சும்மா விடமாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அந்த நினைப்புத்தான்.

அதே நர்ஸ் மிஸ். கட்டைப் பிரித்தார். அவர் முகம் மாறியது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் ஊற்றி, பஞ்சால் துடைத்து, சின்ன இடுக்கியைத் துளைக்குள் விட்டார். வீட்டுக்காரர் முனகினார். சாம்பல் நிறத்தில் களிமண் உருண்டை மாதிரி ஒன்று வெளியே வந்தது. தட்டில் வைத்தார். இன்னொன்று வந்தது. இன்னொன்று.

"இது என்னா அம்மா?"

எனக்கு விளங்கவில்லை. பாருங்கள், அப்போதும் எனக்கு விளங்கவில்லை. நாத்தனார் எதையோ வைத்து அடைத்திருக்கிறார், கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசம்கூட வந்தது. "எங்க நாத்தனார்" என்று தொடங்கிவிட்டேன்.

"யாரு கட்டுப் போடுறது?" என்று மிஸ் இடைமறித்தார்.

"நான்தான்."

"வேற யாரும் போடுறதா?"

"இல்ல. நான் மட்டுந்தான்."

"கைய காட்டுங்க."

நீட்டினேன். இருபத்தெட்டு வருசம் கொழுந்து கிள்ளிய கை. விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருக்கும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கறுத்த வெடிப்புகளுக்குள், கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும், வெள்ளை வெள்ளையாகத் திருநீறு அப்பியிருந்தது. தட்டில் கிடந்ததும் அதே நிறம். மிஸ் என் கையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். வீட்டுக்காரரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்தக் கை என்று காட்டு என்று கேட்டேன். காட்டிவிட்டாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். துளை மூடப் பார்த்திருக்கிறது, தினமும் இரண்டு தடவை நான் சாம்பலை வைத்து அதைத் திறந்தே வைத்திருக்கிறேன். உள்ளே ஈரத்தில் ஊறி, கெட்டியாகி, சீழ் பிடித்திருக்கிறது. செய்தது நான். லயத்துக்கு முன்னால் பையைத் தூக்கி எறிந்ததும் நான்.

திட்டுவார்கள் என்று நினைத்தேன். மிஸ் என்னைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "எங்க அம்மாவும் புண்ணுக்கு கோயில் எண்ண பூசுவாங்க. நெத்தியில பூசுங்க அம்மா. ஓட்டைக்குள்ள வேணாம்" என்றார். சிங்களத்தில் எங்களைப் பற்றிப் பேசினார்கள் என்று நான் குறித்துவைத்திருந்தவர்களில் அவரும் ஒருத்தர்.

ஆஸ்பத்திரி வாட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். நான்கு நாள் ஊசி மருந்து ஏறியது, தினமும் கழுவினார்கள். அந்த நான்கு நாளும் நான் அம்மாவிடம் எதையும் காட்டச் சொல்லவில்லை. அவரைக் கொடுத்துவிடு என்று மட்டும் கேட்டேன். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். மகளும் லீவு எடுத்து வந்துவிட்டாள். சனிக்கிழமை காலையில், சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நகம் வெட்டி, வெறும் துணியைப் பிரித்தேன். காய்ந்திருந்தது. குழாயைக் கழற்றி இருபதாம் நாள். துளை இருந்த இடத்தில் சிவந்த குழி ஒன்று மட்டும். விரலால் தொடப்போன நான், தொடாமல் கையை எடுத்துக்கொண்டேன். மகளைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரை மகளிடம் விட்டுவிட்டு வெலிமடைக்குப் பஸ் ஏறினேன். நாத்தனார் லீக்ஸ் பாத்தியில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, கையிலிருந்த களையைக் கீழே போட்டுவிட்டார்.

"நல்லா இருக்காரு அண்ணி. மூடிருச்சு" என்று தூரத்திலிருந்தே கத்தினேன்.

பாத்தி வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பால்மா டின், பை, தைலம், எல்லாம். திருநீற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கீழே போட்ட களையைப் பொறுக்கி வரப்பில் வைத்தார். பிறகு பேசினார்.

"எனக்குந்தான் ஒன் மேல சந்தேகம். அவனுக்கு நீ வயிறார ஊத்திறியான்னு ஊசிக் கொழல எண்ணிக்கிட்டே இருப்பேன். ஒவ்வொரு தடவையும் சரியாத்தான் இருக்கும். அப்பவும் எண்ணுவேன்." கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "நீ துன்னூறு வைக்கிறத நான் மொத நாளே பாத்தேன் சிவகாமி. மிஸ் வேணாமுன்னு சொன்னது எனக்கும் தெரியும்."

"பாத்தீங்களா? ஏன் அண்ணி சொல்லல?"

"சொன்னா நீ நம்புவியா? சாமிக்கு எதிரா பேசுறேம்ப, அவனுக்கு மூடக்கூடாதுன்னு தடுக்கிறேம்ப. அன்னைக்கு இஸ்தோப்புல சொல்ல வாயெடுத்தேன். ஒன் மொகத்தப் பாத்தேன். பயந்துட்டேன்."

அக்கா தங்கச்சிமாரே, அந்தச் சொல்தான் என்னைக் கொன்றது. திருநீற்றை வைத்தது அறியாமல் செய்த பிழை. அதை அம்மா மன்னித்துவிடுவாள். ஆனால் உண்மை தெரிந்த ஒரு ஆள் பத்து நாள் என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார். என்னிடம் சொல்லப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். என் புருசன் சாகக் கிடந்தது அந்தப் பயத்தால். அந்தப் பயத்தை உண்டாக்கியவள் நான்.

அன்றைக்கே நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். லயத்து வாசலில் எல்லோரும் பார்க்க அவர் பையை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். நான் அடியோடு மாறிவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். கொழுந்து நிறுக்கும்போது இன்னும் தராசைப் பார்க்கத்தான் செய்கிறேன். வீட்டுக்குள் மட்டும், சந்தேகம் வந்தால் அந்த ஆளிடமே போய்க் கேட்டுவிடுகிறேன். அவர் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை. எனக்கு அது கொழுந்து எடுப்பதைவிடக் கஷ்டமான வேலை.

உங்களில் யார் வீட்டிலாவது குழாயோடு ஒரு ஆள் படுத்திருந்தால் மனம் உடைந்துவிடாதீர்கள். அம்மாவிடம் கேளுங்கள், ஆஸ்பத்திரியில் சொல்வதை அப்படியே செய்யுங்கள். இரண்டையும் ஒன்றுக்கு எதிராக ஒன்று நிறுத்தாதீர்கள். அவள் பதில் சொல்வாள். நீங்கள் எதிர்பார்த்த ஆளை அவள் காட்டாமல் போகலாம். அப்போதும் அவள் வாசலை விட்டுப் போகாதீர்கள்.

போன வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் தடியை ஊன்றிக்கொண்டு கோயிலுக்கு நடந்தே வந்தார். பூசாரி ஐயா தீர்த்தம் கொடுத்தார். அவர் தலையைக் குனிந்து ஒரு மடக்குக் குடித்தார். வழக்கமாக நான்தான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு நான் கண்ணை மூடி அம்மாவைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"எறங்கிருச்சு" என்றார் நாத்தனார், என் பக்கத்திலிருந்து.

நான் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை. அவர் சொன்னால் சரிதான்.